பழைய பிஸ்டல் மேகசின் அசலா, நகலா? முதல்முறை பார்ப்பவர்களுக்கு

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி, தன் மாமனார் காலத்து, கோல்ட் (Colt) கம்பெனியின் .32 பிஸ்டலைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார். லைசென்ஸ் மகன் பெயரில் இருக்கிறது. "தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷன்ல ஒப்படைச்சு வாங்கிட்டு வர்றோம், சுடுமான்னே தெரியாது தம்பி" என்றார். பிஸ்டல் அருமையாக இருந்தது. கூடவே இருந்த இரண்டு மேகசினில்தான், அதாவது தோட்டா அடுக்கிச் செருகும் பெட்டியில்தான், ஒன்று இடித்தது.

முதலில், லைசென்ஸ்தாரர் பக்கத்தில் இருக்க வேண்டும். மேகசினைக் கழற்றுங்கள். 1903 மாடல் கோல்ட்டில் அதற்கான பிடி கைப்பிடியின் அடியில், பின்பக்கம் இருக்கும். பிறகு ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, இழுத்து, குழலுக்குள் தோட்டா இல்லையென்று கண்ணால் பாருங்கள். மேகசினை எடுத்துவிட்டாலும் உள்ளே ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். இதில் அவசரமே கூடாது.

அடுத்து, கையில் இருப்பது எந்தக் காலத்து வடிவம் என்று தெரிய வேண்டும். 1893 போர்ச்சார்ட் பிஸ்டலிலேயே கைப்பிடிக்குள் செருகும் மேகசின் வந்துவிட்டது. ஆனால் 1896 மவுசரில் அது விசைக்கு முன்னால், பிஸ்டலோடு ஒட்டியே இருந்தது. தோட்டாக்களைக் கோத்த கிளிப் என்ற தகட்டால் மேலிருந்து பத்துத் தோட்டா இறக்குவார்கள். 1911 கோல்ட்டில் ஒற்றை வரிசையில் ஏழு. 1935 பிரௌனிங் ஹைபவர்தான் பெரிய தாவல்: கீழே இரட்டை வரிசை, மேலே வரும்போது குறுகி ஒற்றையாகி, பதின்மூன்று தோட்டா. ராணுவத்தில் என் இடுப்பில் இருந்த, இஷாப்பூர் தொழிற்சாலையின் 9 மி.மீ. பிஸ்டலும் அதன் வழிவந்ததுதான். 1982-இல் க்ளாக் 17 வந்தது: மேகசினுக்கே பிளாஸ்டிக் உடல், உள்ளே உலோகத் தகடு, பதினேழு தோட்டா. முதலில் வந்தவை நிரப்பினால் கொஞ்சம் உப்பி, பொத்தானை அழுத்தினாலும் தானாக விழாது. பிற்பாடு தகட்டை முழுச்சுற்றுக்கும் கொடுத்துச் சரிசெய்தார்கள்.

இப்போது மேகசினைச் சோதிக்கலாம். எல்லோரும் அடித்தட்டில் உள்ள முத்திரையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன், முத்திரை குத்துவது சுலபம். முதலில் பார்க்க வேண்டியது தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் உதடுகள். அசலில் இரண்டு பக்கமும் ஒரே வளைவு, விளிம்பு வழவழப்பு. நகலில் அரம் போட்ட கீறல் தெரியும், ஒரு பக்கம் விரிந்திருக்கும். பழைய 1911 மேகசின்களில் உதட்டைக் கடினமாக்க மேல்முனையை மட்டும் பதப்படுத்தியதால், மேலே வெளிறியும் கீழே கறுத்தும் இரண்டு நிறம் இருக்கும். யாராவது மறுபடி கறுப்பேற்றியிருந்தால் அந்த அடையாளம் போய்விடும்.

அப்புறம், தோட்டாவைத் தூக்கும் தட்டை விரலால் அழுத்துங்கள். ஏற்ற இறக்கம் ஒரே சீராக இருக்க வேண்டும். திக்கினால் ஸ்பிரிங் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். நூறு வருடத்து எஃகு மேகசினில் பிளாஸ்டிக் தட்டு இருந்தால் அது பிற்பாடு போட்டது.

கடைசியாக, வெடிக்காத டம்மி தோட்டாவைப் போட்டுப் பாருங்கள், நிஜத் தோட்டா வேண்டாம். .32 தோட்டாவின் அடிவிளிம்பு அதன் உடலைவிடச் சற்றே அகலம். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போனால் இரண்டும் கோத்துக்கொண்டு நின்றுவிடும். அளவு தப்பிய நகல்களில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

மாற்று மேகசின் தேவைப்பட்டால், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எனாமல் தூக்கு தேடுவதுபோல் பழைய சாமான்களில் தேடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி ஆயுதத்தின் பாகங்களும் ஆயுதம்தான். லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடைக்கே போங்கள்.

ஆச்சி வீட்டு மேகசின் ஒன்றில் எட்டு டம்மியும் தடையில்லாமல் ஏறி இறங்கின. மற்றதில் மூன்றாவதே சிக்கியது. உதட்டைத் தொட்டுப் பார்த்தேன், அரக் கீறல் விரலில் உரசியது. மகன் அதைத் தனியே கட்டி, கடைக்காரரிடம் காட்ட எடுத்து வைத்தார்.