நீலகிரியில் வலி மருந்து எழுதுவது எப்படி: டிக்ளோஃபெனாக் முதல் மார்ஃபின் வரை

மலையில் உள்ள சிறு மருத்துவமனைகளில் பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. முழங்கால் வலி என்று வந்தவரிடம் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் டிக்ளோஃபெனாக் ஊசி போட்டுவிடுகிறோம். அரிவாள் செல் (சிவப்பணு வளைந்துபோகும் பரம்பரை நோய்) வலியில் சுருண்டு கிடப்பவருக்கும், எலும்பில் புற்று பரவியவருக்கும் மார்ஃபின் என்றதும் கை தயங்குகிறது. இரண்டு மருந்துக்கும் கணக்கு உண்டு. கணக்குப் போட்டால் இரண்டையும் கொடுக்கலாம், போடாவிட்டால் இரண்டுமே ஆபத்து. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சிறு மருத்துவமனையிலும் பணியாற்றும் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநருக்காக இதை எழுதுகிறோம். இதில் உள்ள அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கு மட்டும்.

சீட்டு எழுதும் முன்

முதலில் எடை. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் கிராமங்களில் 40 கிலோவுக்குச் சற்று மேலோ கீழோ இருக்கும் பெரியவர்கள் நிறைய. பாராசிட்டமாலுக்குப் புத்தகம் சொல்லும் ஒரு நாள் 4 கிராம் அவர்களுக்குப் பொருந்தாது. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 60 மி.கி. வரை. 40 கிலோ என்றால் நாளுக்கு 2,400 மி.கி. ஆகவே 650 மாத்திரை நான்கு வேளை என்பது அவருக்கு அளவு மீறியது. 500 மாத்திரை நான்கு வேளை சரி. தினமும் குடிப்பவர், சரியாகச் சாப்பிடாதவர், கல்லீரல் கெட்டவர் என்றால் நாளுக்கு 2 கிராமோடு நிறுத்துங்கள். பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறும். அதை முறிப்பது குளுட்டாதயோன். பட்டினியிலும் குடியிலும் அந்தக் கையிருப்புதான் முதலில் கரைகிறது.

இரண்டாவது, ஏற்கெனவே என்ன விழுங்குகிறார் என்பது. வாய்வழிப் பதில் போதாது, பையில் இருக்கும் அட்டைகளை மேசையில் கொட்டச் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு 650 மூன்று வேளை, இடுப்புக்கு அசெக்ளோஃபெனாக்–பாராசிட்டமால் இரண்டு வேளை, இன்னோர் இடத்தில் தந்த டிராமடால்–பாராசிட்டமால் மூன்று வேளை என்று மூன்று சீட்டு சேர்ந்தால் பாராசிட்டமால் மட்டும் 3,575 மி.கி. ஆகிவிடும். கூட்டு மாத்திரை ஒவ்வொன்றிலும் 325 மி.கி. ஒளிந்திருப்பதை நோயாளி அறியமாட்டார். தூக்க மாத்திரை, நரம்பு வலிக்கான ப்ரீகாபாலின், மாலையில் மது ஆகியவற்றையும் இப்போதே கேட்டுவிடுங்கள். மார்ஃபின், டிராமடால் போன்ற ஓபியாய்டு மருந்துடன் இவற்றில் எது சேர்ந்தாலும் மூச்சு குறையும்.

மூன்றாவது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின். நான்காவது, வீடு எங்கே, இரவில் வண்டி வருமா என்பது. கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. மழைக்காலத்தில் ஒரு மரம் விழுந்தால் 108 வண்டி அந்தப் பக்கமே நின்றுவிடும். அதனால், வாழ்நாளில் முதல் முறையாக ஓபியாய்டு ஊசி பெறுபவரை அன்று இருட்டும் நேரத்தில் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

டிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகை

உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் வழியைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். இந்த வகை மருந்து அதன் உற்பத்தியையே தடுக்கிறது. காலையில் ஒரு கட்டஞ்சாயா குடித்துவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய், பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்ணின் சிறுநீரகம் அந்த நேரத்தில் புரோஸ்டாகிளாண்டினை நம்பித்தான் வேலை செய்கிறது. அவர் ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலோ டெல்மிசார்டனோ சாப்பிட்டால் ரத்தம் வெளியேறும் வழியும் தளர்ந்திருக்கும். அதோடு ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரையும் இருந்தால், மூன்றாவதாக டிக்ளோஃபெனாக்கைச் சேர்க்காதீர்கள். சில நாளில் சிறுநீரகம் நின்றுபோனவர்கள் உண்டு. அவருக்குப் பாராசிட்டமாலும் வலிக்கும் இடத்தில் தடவும் களிம்பும் போதும்.

கொடுக்கலாம் என்று முடிவானால் ஐபுபுரூஃபென் 400 மி.கி. மூன்று வேளை, அல்லது டிக்ளோஃபெனாக் 50 மி.கி. இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு, ஐந்து நாள். டிக்ளோஃபெனாக் ஊசியும் மாத்திரையும் சேர்ந்து நாளுக்கு 150 மி.கி. தாண்டக் கூடாது. 65 வயதைக் கடந்தவருக்கும் முன்பு வயிற்றுப்புண் வந்தவருக்கும் தவிர்ப்பதே நல்லது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் 20 மி.கி. கூடவே எழுதுங்கள். ஊசியாகப் போட்டால் வயிறு தப்பித்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். தப்பாது. இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினை ரத்தத்தின் வழியாகவும் இந்த மருந்து குறைக்கும். டெங்கு சந்தேகம் இருக்கும் வரை இந்த வகை எதுவும் வேண்டாம். கர்ப்பிணிக்கு 20 வாரத்துக்குப் பிறகு தவிர்த்துவிடுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. மருந்தகத்தில் இருக்கும் டிக்ளோஃபெனாக் ஆம்பூல் எந்தக் காரணத்துக்காகவும் மாட்டுக்குப் போகக் கூடாது. ஊசி போட்ட மாடு செத்தால் அதைத் தின்னும் பாறு கழுகின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். கால்நடைக்கு இதை 2006-இல் தடை செய்தார்கள். மனித மருந்து திசை மாறுவதைத் தடுக்க 2015-இல் ஊசிக் குப்பியை 3 மி.லி. ஒற்றை அளவாகச் சுருக்கினார்கள். தமிழகத்தின் பாறு கழுகுகள் கூடு கட்டும் மோயாறு பள்ளத்தாக்கு நம் காலடியில்தான் இருக்கிறது.

டிராமடாலை எளிதாக எடுக்க வேண்டாம்

"லேசான மருந்து" என்று இதை எழுதுகிறார்கள். அளவு 50 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு அதிகபட்சம் 400 மி.கி., 75 வயதுக்கு மேல் 300. வலிப்பு நோய் உள்ளவருக்குக் கூடாது. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டாலோப்ராம் போன்றவை சாப்பிடுபவருக்கு நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் என்று செரட்டோனின் மிகுந்துவிடலாம். கல்லீரல் நொதி ஒன்று இதை மாற்றித் தந்தால்தான் வலி குறையும். அந்த நொதி சிலரிடம் மந்தம், சிலரிடம் மிக வேகம். ஒருவருக்குப் பலனே இல்லாததும் இன்னொருவர் தள்ளாடுவதும் இதனால்தான். டிராமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. எச்1 அட்டவணை மருந்துகளுக்கான பதிவேட்டில் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு மூன்றையும் எழுதி, அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

அரிவாள் செல் வலி வந்தால்

இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் பதிவானது இந்த மலையில்தான். 1952-இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டு எழுதினார்கள். அதன் பிறகும் இந்த நோயாளிகள் "ஊசிக்காக நடிக்கிறார்" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது பெரிய அநியாயம். வளைந்த சிவப்பணு எலும்புக்குள் ரத்தக்குழாயை அடைப்பதால் வரும் வலி அது. வெளியே வீக்கமோ காயமோ தெரியாது. எக்ஸ்ரேயும் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும்.

வந்த அரை மணிக்குள் முதல் மருந்து உள்ளே போக வேண்டும். பாராசிட்டமாலை எடைக்கணக்கில் கொடுங்கள். கிரியேட்டினின் சரியாக இருந்து, உடலில் நீர் வற்றாமலும் இருந்தால் ஐபுபுரூஃபென் சேர்க்கலாம். அரிவாள் செல் சிறுநீரகத்தையும் மெல்ல அரிப்பதால் பழைய அளவீட்டை நம்பாமல் புதிதாகப் பாருங்கள். வலி கடுமையாக இருந்தால் மாத்திரை வேலை செய்யுமா என்று காத்திருக்காமல் உடனே மார்ஃபின்.

ஆம்பூலில் 10 மி.கி. உண்டு, 15 மி.கி.யும் உண்டு. லேபிளைப் படித்து, இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள். 10 மி.கி. ஆம்பூலை சலைனோடு சேர்த்து மொத்தம் 10 மி.லி. ஆக்கினால் 1 மி.லி.யில் 1 மி.கி. 15 ஆம்பூலை மொத்தம் 15 மி.லி. ஆக்க வேண்டும். நரம்பு வழியாக 2 மி.கி. மெதுவாகக் கொடுத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். வலி அப்படியே இருந்து, ஆள் தெளிவாக இருந்தால் மேலும் 1 அல்லது 2 மி.கி. வலி பாதியாகக் குறைந்தாலோ கண் செருகினாலோ நிறுத்துங்கள். 40 கிலோவுக்கு முதல் சுற்றில் பெரும்பாலும் 4 மி.கி. அளவில் அடங்கும். அடங்கவில்லை என்பதால் அவர் பொய் சொல்கிறார் என்று ஆகாது. அரிவாள் செல் நோயாளியின் உடல் மார்ஃபினை மற்றவர்களைவிட விரைவாகக் கழிக்கும்.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் காட்டுநாயக்கர் மூதாட்டிக்கு அந்தக் கேள்வியே புரியாமல் போகலாம். எழுந்து உட்கார முடிகிறதா, கழிப்பறைக்கு நடக்க முடிகிறதா, மூச்சை இழுத்து விடும்போது முகம் சுளிக்கிறதா என்று பாருங்கள். இது எண்ணைவிட நம்பகமானது.

பெத்திடின் என்ற ஓபியாய்டு வேண்டவே வேண்டாம். அது உடைந்து உருவாகும் நார்பெத்திடின் உடலில் தேங்கி வலிப்பை வரவைக்கும். ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் அந்த வலிப்பை நிறுத்தாது. ட்ரிப்பையும் அளவோடு ஏற்றுங்கள், திரவம் மிகுந்தால் நுரையீரல் நிறையும். குளிரில் இந்த வலி கூடும் என்பதால் கம்பளியும் வெந்நீரும் மருந்தோடு சேர்ந்தவை. விழித்திருக்கும் போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து ஆழ்மூச்சு எடுக்க வையுங்கள். நெஞ்சு வலி, 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஆக்சிஜன் குறைதல், ஒரு பக்கம் கை கால் விழுதல், திடீர் வெளிறல், நான்கு மணி நேரம் அடங்காத ஆண்குறி விறைப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வலியைத் தணித்தபடியே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வலி மருந்தை நிறுத்திவைத்து அனுப்பக் கூடாது.

மூச்சு குறைந்தால்

மார்ஃபினில் மூச்சு குறையும் முன்பே ஆள் மயங்க ஆரம்பிப்பார். பேசிக்கொண்டே பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனால் அதுதான் எச்சரிக்கை. அடுத்த வேளை மருந்தை நிறுத்துங்கள். "நல்லாத் தூங்குறாரு, எழுப்ப வேணாம்" என்று உறவினர் சொன்னாலும் எழுப்பிப் பாருங்கள். மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே நலமாக இருப்பவரின் பல்ஸ் ஆக்சிமீட்டர் அளவே சமவெளியைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். அதனால் மூச்சு கொஞ்சம் குறைந்தாலும் ஆக்சிஜன் சீக்கிரம் சரியும். எதிர்ப்பக்கத்தில், முகமூடியில் ஆக்சிஜன் ஓடினால் மூச்சு நிற்கப் போகும் வரை திரையில் 97 காட்டிக்கொண்டிருக்கும். எண்ணிய மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

நிமிடத்துக்கு 8-க்குக் கீழே போய், தட்டினாலும் எழாவிட்டால்: அம்பு பையால் (கையால் அழுத்தும் சுவாசப் பை) மூச்சு கொடுங்கள். நலாக்சோன் 0.4 மி.கி. ஆம்பூலை சலைனோடு 10 மி.லி. ஆக்கி, இரண்டு நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம், மூச்சு 10-ஐத் தாண்டும் வரை கொடுங்கள். முழு ஆம்பூலையும் ஒரே அடியாக ஏற்றினால் அடங்கியிருந்த வலி மொத்தமும் ஒரு நொடியில் திரும்பும். மார்ஃபின் பல மணி நேரம் தங்கும், நலாக்சோன் ஒரு மணி நேர அளவில் கரைந்துவிடும். கண் திறந்தார் என்று விட்டுவிட்டுப் போனால் மறுபடி மயங்கிவிடுவார். சிறுநீரகம் கெட்டவரைக் கூடுதல் நேரம் பாருங்கள். மார்ஃபினின் செயல்படும் கழிவு அவர் உடலிலேயே தங்கும்.

வீட்டுக்கு மார்ஃபின் மாத்திரை

புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின் போல விலை குறைந்த, நம்பகமான மருந்து வேறில்லை. முன்பு ஓபியாய்டு எடுக்காதவருக்கு 5 மி.கி. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. முதியவர், மிக மெலிந்தவர் என்றால் 2.5. காலை 6, 10, மதியம் 2, மாலை 6-க்கு 5 மி.கி., இரவு 10 மணிக்கு 10 மி.கி. கொடுத்தால் நடுராத்திரி எழுப்ப வேண்டாம். மொத்தம் நாளுக்கு 30 மி.கி., அதாவது 10 மி.கி. மாத்திரை மூன்று. இடையில் வலி பொங்கினால் கூடுதலாக 5 மி.கி., நாளுக்கு இரண்டு முறை வரை. ஏழு நாளுக்கு 21-ம் 7-ம் சேர்த்து 28 மாத்திரை. சீட்டில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். கூடுதல் வேளை தினமும் தேவைப்பட்டால் அடிப்படை அளவைக் கூட்ட வேண்டும்.

முதல் நாளே மலமிளக்கியான பிசாகோடில் 5 முதல் 10 மி.கி. இரவில் எழுதுங்கள். குமட்டலும் தூக்கமும் சில நாளில் பழகும், மலச்சிக்கல் பழகாது. மாத்திரையை நோயாளி தானாக நிறுத்துவதற்கு இதுதான் முதல் காரணம். குமட்டலுக்கு முதல் வாரம் மெட்டோகுளோப்ரமைடு 10 மி.கி. மூன்று வேளை.

"பழகிடுமா டாக்டர்?" என்று மகன் கேட்பார். வலிக்காக, வேளைக்கு, அளவாகக் கொடுக்கும்போது அடிமையாவது அரிது என்றும், ஆனால் திடீரென நிறுத்தினால் உடல் படுத்தும், எங்களிடம் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றும் நேராகச் சொல்லுங்கள். இரண்டையும் சொன்னால்தான் நம்புவார்.

ஃபென்டனில் பட்டையை ஓபியாய்டு புதிதானவருக்கு ஒட்டாதீர்கள். மணிக்கு 25 மைக்ரோகிராம் விடும் பட்டை ஒன்று நாளுக்கு 60 முதல் 90 மி.கி. வாய்வழி மார்ஃபினுக்குச் சமம். மலையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பட்டை ஒட்டியவர் அடுப்பு ஓரம் குளிர் காய்ந்தாலோ, அதன் மேல் வெந்நீர்ப் பை வைத்தாலோ மருந்து வழக்கத்தைவிட வேகமாக உள்ளே போகும். இதை வீட்டாரிடம் சொல்லி, அவர்களைத் திரும்பச் சொல்ல வையுங்கள்.

மார்ஃபின் இருப்பு வைக்க 2014 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு பல துறை உரிமங்கள் தேவையில்லை. ஓபியாய்டு பயன்படுத்தப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இருந்தால், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டால் போதும். இரட்டைப் பூட்டு அலமாரி, அன்றன்றே எழுதும் இருப்புப் பதிவேடு, ஒவ்வொரு பணி மாற்றத்திலும் இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்து. நோயாளி இறந்தால் மீந்த மாத்திரையையும் பட்டையையும் குடும்பத்தார் திருப்பித் தர வேண்டும். இதைத் துக்க வீட்டில் போய்க் கேட்பது சங்கடம். அதனால் முதல் சீட்டு கொடுக்கும் நாளிலேயே சொல்லிவைத்து, திரும்பி வந்ததை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.