பனிக்கட்டிக்குள் ரேடியோ அலையைக் கொண்டு உச்ச ஆற்றல் நியூட்ரினோவைக் கண்டறிவது எப்படி?

2023 பிப்ரவரி 13 அன்று, சிசிலித் தீவை ஒட்டிய மத்தியதரைக் கடலில் 3,450 மீட்டர் ஆழத்தில் அமைக்கப்பட்டுவரும் கேஎம்3நெட் நியூட்ரினோத் தொலைநோக்கியின் உணரிகளின் ஊடே ஒரு மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்) ஏறக்குறைய கிடைமட்டமாகப் பாய்ந்து சென்றது. அதைப் பிறப்பித்த நியூட்ரினோவின் (மின்னூட்டமற்ற, பொருளுடன் அரிதாகவே மோதும் துகள்) ஆற்றல் சுமார் 220 பெட்டா எலக்ட்ரான் வோல்ட், அதாவது 2.2 × 10¹⁷ எலக்ட்ரான் வோல்ட் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அந்த ஆற்றலிலும் அதற்கு மேலும் வரும் நியூட்ரினோக்களை ஒன்றிரண்டாக அல்லாமல் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதை, இத்துறையில் காலெடுத்து வைக்கும் இயற்பியல் மாணவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 10¹⁸ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரினோ ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டியைக் கடக்கும்போது, அது அங்குள்ள அணுக்கரு ஒன்றுடன் மோதுவதற்கான வாய்ப்பு இரண்டாயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. வந்து சேரும் நியூட்ரினோக்களின் எண்ணிக்கையும் மிகக் குறைவு என்பதால், ஒரு கன கிலோமீட்டர் பனிக்குள் இத்தகைய மோதல் ஒன்று நிகழப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். தென் துருவத்தில் 2010 டிசம்பரில் கட்டி முடிக்கப்பட்ட ஐஸ்கியூப் நியூட்ரினோ ஆய்வகம், மோதலில் எழும் ஒளியைப் பிடிக்க 86 வடங்களில் 5,160 ஒளி உணரிகளைத் தொங்கவிட்டுக் கண்காணிப்பதே ஒரு கன கிலோமீட்டர்தான். அதே முறையில் நூறு மடங்கு பெரிதாகக் கட்டுவது நடைமுறையில் இயலாது; ஏனெனில் தெளிந்த பனியிலும் ஒளி நூறு மீட்டர் அளவிலான தொலைவிலேயே மங்கிவிடுவதால் உணரிகளை நெருக்கமாக வைத்தாக வேண்டும். குளிர்ந்த துருவப் பனியிலோ ரேடியோ அலை ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பெரிதும் தேயாமல் செல்லும். ஆகவே கேட்பு நிலையங்களை ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளியில் வைத்துப் பெரும் பரப்பை ஆள முடிகிறது. ரேடியோ முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். கடல்நீர் மின்கடத்தி என்பதால் இந்த முறைக்கு அது பயன்படாது.

நியூட்ரினோவின் மோதல் ரேடியோ அலையை உண்டாக்கும் என்பதை 1962இல் முன்கூட்டிச் சொன்னவர் குர்கென் அஸ்கார்யன். மோதலில் பிறக்கும் துகள் பொழிவு முன்னேறும்போது வழியிலுள்ள அணுக்களின் எலக்ட்ரான்கள் அதில் சேர்ந்துகொள்கின்றன, எலக்ட்ரானின் எதிர்த்துகள்களான பாசிட்ரான்கள் அழிகின்றன. இதனால் பொழிவில் ஏறத்தாழ 20 விழுக்காடு எதிர்மின்னூட்டம் மிகுந்துவிடுகிறது. இந்த மின்னூட்டம் பனிக்குள் ஒளி செல்லும் வேகத்தை மிஞ்சிச் செல்வதால் கதிர்வீசுகிறது. பொழிவின் அகலம் பத்து சென்டிமீட்டர் அளவே என்பதால், அதைவிட நீண்ட அலைகள் அனைத்தும் ஒரே கட்டத்தில் கூடி, கதிர்வீச்சின் திறன் ஆற்றலின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு நேர்கோட்டுத் துகள் முடுக்கியில் முதலில் சிலிக்கா மணலிலும், 2006இல் பனிக்கட்டியிலும் இந்த விளைவு நேரடியாக அளக்கப்பட்டது. பொழிவின் அச்சிலிருந்து ஏறத்தாழ 56 பாகைக் கோணத்தில், ஒரு கூம்பின் மேற்பரப்பில்தான் துடிப்பு வலுவாக இருக்கும். இந்தக் கோணத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் வேலைகள் பலவும் எளிதில் விளங்கும்.

அடுத்தது ஆழம். தொடங்குவோர் பெரும்பாலும் ஆண்டெனாவின் வடிவமைப்பில்தான் அக்கறை காட்டுகிறார்கள். என் கருத்தில் அதைவிடப் பெரிய முடிவு, அதை எவ்வளவு ஆழத்தில் இறக்குவது என்பதே. கிரீன்லாந்தின் சம்மிட் நிலையம் போன்ற இடங்களில் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் வரை இருப்பது இறுகிக்கொண்டிருக்கும் பழைய பனி. அதன் அடர்த்தி கீழே போகப்போகக் கூடுவதால் ஒளிவிலகல் எண்ணும் கூடி, இறுதியில் 1.78ஐ எட்டுகிறது. இந்த அடுக்கில் ரேடியோக் கதிர் கீழ்நோக்கி வளைவதால், தொலைவிலிருந்து சாய்வாக மேலேறி வரும் துடிப்பு மேற்பரப்பை எட்டாமலே திரும்பிவிடும். மேலோட்டமாகப் புதைத்த ஆண்டெனாவுக்கு அந்தப் பகுதி முழுவதும் நிழலாகிவிடும். சம்மிட் நிலையத்தில் 2021 முதல் நிறுவப்பட்டுவரும் ஆர்என்ஓ-ஜி என்ற ரேடியோ நியூட்ரினோத் திட்டம் இதைக் கருதியே துளைகளை 100 மீட்டர் வரை இறக்குகிறது. அதன் இலக்கு 35 நிலையங்கள். ஒவ்வொன்றிலும் 24 ஆண்டெனாக்கள் உண்டு. துளை குறுகலானது என்பதால் செங்குத்துத் தளவிளைவை (அலையின் மின்புலம் செங்குத்தாக அதிர்வதை) பிடிக்கும் ஆண்டெனாவை இறக்குவது எளிது, கிடைமட்டத்துக்கு உரியதை இறக்குவது கடினம். ஆயினும் இரண்டும் கட்டாயம் வேண்டும்.

பதிவைத் தூண்டும் சுற்று, இரைச்சலின் விளிம்பில் நின்று வேலை செய்ய வேண்டும். பனியின் வெப்பமே ரேடியோ இரைச்சலை உண்டாக்குகிறது. பெருக்கியும் தன் பங்கைச் சேர்க்கிறது. நான்கு ஆண்டெனாக்களின் குறிகைகளைத் தக்க கால இடைவெளி கொடுத்துக் கூட்டினால் துடிப்பின் உயரம் நான்கு மடங்காகும், தற்செயலான இரைச்சல் இரண்டு மடங்குதான் ஆகும். இந்தக் கட்ட அணிவரிசை முறை தென் துருவத்தின் ஆரா என்ற ரேடியோ நியூட்ரினோத் திட்டத்தில் செயல்படுத்திக் காட்டப்பட்டது. ஒரே செலவில் கூடுதல் பனியைக் கண்காணிக்க உதவும் இதனை எந்தப் புதிய நிலையமும் கைவிடக் கூடாது.

பதிவான துடிப்பிலிருந்து நியூட்ரினோவின் திசையைக் கணிப்பதில் பலரும் தடுமாறுவது ஓர் இடத்தில்தான். ஆண்டெனாக்களுக்கிடையேயான நேர வேறுபாடு காட்டுவது அலை வந்த திசையை மட்டுமே. நியூட்ரினோ வந்த திசையைப் பெற, கூம்பின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதைத் தளவிளைவிலிருந்தும், கூம்பிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறோம் என்பதை அதிர்வெண் பரவலிலிருந்தும் அறிய வேண்டும். விலகல் கூடக்கூட உயர் அதிர்வெண்கள் முதலில் மறையும். ஆற்றலைக் கணிக்க மோதல் நிகழ்ந்த தொலைவு தேவை. நேரே வந்த துடிப்பும், மேற்பரப்பில் எதிரொளித்தோ வளைந்தோ வந்த அதன் இணையும் ஒரே ஆண்டெனாவில் பதிவானால், அவற்றின் இடைவெளியே தொலைவைத் தந்துவிடும்.

பின்னணியை அறிவதில்தான் மிகுந்த காலத்தைச் செலவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். பலத்த காற்றில் பனித்துகள்கள் உரசி மின்னேற்றம் பெற்று வெளியிடும் துடிப்புகள், பறக்கும் வானிலை பலூன்களின் அலைபரப்பி, விமானங்கள் ஆகிய ஒவ்வொன்றையும் நேரம், திசை, காற்றின் வேகம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு நீக்க வேண்டும். காஸ்மிக் கதிரின் வளிமண்டலப் பொழிவு இன்னும் நுட்பமான போலி. அதை இனங்காண மேற்பரப்பில் வானை நோக்கிய ஆண்டெனாக்களையும் வைக்க வேண்டும். அண்டார்டிகாவுக்கு மேல் பலூனில் பறந்த அனிட்டா, பனிக்கு அடியிலிருந்து செங்குத்தான கோணத்தில் மேலெழுந்து வந்தவை போலத் தோன்றும் இரண்டு துடிப்புகளை 2016லும் 2018லும் அறிவித்தது. அந்த ஆற்றலுள்ள நியூட்ரினோ அவ்வளவு பாறையைக் கடந்து வர முடியாது, பூமியே அதை விழுங்கிவிடும். பின்னர் ஐஸ்கியூபும், அர்ஜென்டினாவின் பியர் ஓஜே காஸ்மிக் கதிர் ஆய்வகமும் தம் தரவுகளில் தேடியபோது, அத்துடிப்புகளுக்குக் காரணம் மேலெழுந்து வந்த துகள்களே என்ற விளக்கத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை. ஆகவே உண்மையான குறிகை தொடுவானத்தை ஒட்டியோ அதற்கு மேலிருந்தோ வருவதையே எதிர்பார்க்க வேண்டும்.

வடிகட்டும் விதிகள் அனைத்தையும் தரவின் ஒரு சிறு பகுதியை மட்டும், வழக்கமாகப் பத்து விழுக்காட்டை, பார்த்து முடிவு செய்து, அவற்றை உறையவைத்த பின்னரே மீதியைத் திறக்க வேண்டும். திறந்த பிறகு விதியைத் திருத்தினால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. ஒன்றும் கிடைக்காமற் போனாலும் கண்காணித்த பனியின் கன அளவையும் காலத்தையும் பெருக்கி, நியூட்ரினோ வரவுக்கான மேல் வரம்பைக் கணித்து வெளியிட வேண்டும், அதுவும் இயற்பியலே. காஸ்மிக் கதிர்ப் புரோட்டான்கள் பேரண்டப் பின்னணிக் கதிர்வீச்சுடன் மோதி இந்த நியூட்ரினோக்களைப் பிறப்பிக்கின்றன என்பதால், ஐஸ்கியூப் தன் 12.6 ஆண்டுத் தரவில் அவற்றைக் காணாததைக் கொண்டே, உச்ச ஆற்றல் காஸ்மிக் கதிர்களில் புரோட்டான்களின் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்க இயலாது என்று 2025இல் வரையறுத்தது.