முகத்தை மூளை எப்படிப் பார்க்கிறது: நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

பல் தெரியச் சிரிக்கும் ஒருவரின் நேர்முகப் படத்தை இரண்டு பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கண்களையும் வாயையும் மட்டும் கத்தரித்து, அவற்றைத் தலைகீழாகத் திருப்பி அதே இடங்களில் ஒட்டுங்கள்; ஓரங்கள் பிசிறின்றி அமைய வேண்டும், இல்லையேல் வெட்டிய கோடே காட்டிக்கொடுத்துவிடும்.

விவரம் அறியாத ஒருவரிடம் இரு படங்களையும் முதலில் தலைகீழாகக் காட்டினால், அவர் பெரிய வேறுபாடு எதையும் சொல்லமாட்டார். பிறகு மெல்லச் சுழற்றி நிமிர்த்துங்கள்; ஏதோ ஒரு கோணத்தில், ஒட்டிய முகம் சட்டெனக் கோரமாக மாறிவிடும். 1980-இல் உளவியலாளர் பீட்டர் தாம்சன், அன்றைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரின் படத்தைக் கொண்டு இதைக் காட்டினார்.

கண், மூக்கு, வாய் ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டிப் பார்க்காமல், அவற்றுக்கிடையேயான இடைவெளிகளையும் அமைப்பையும் சேர்த்து, நிமிர்ந்த முகத்தை மூளை ஒரே முழுமையாகப் பிடிப்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். இப்பணியில், பொட்டு மடலின் (மூளையின் பக்கவாட்டில், காதையொட்டி உள்ள பகுதி) அடிப்பகுதியில், குறிப்பாக வலப்புறத்தில், உள்ள ஒரு பகுதிக்குப் பெரும் பங்குண்டு. முகம் கண்ணில் பட்ட ஏறத்தாழ 170 மில்லிவிநாடிகளில் அதற்கான மூளை மின் அலை பதிவாகிறது.

ஒப்பீட்டுக்கு, அறிமுகமில்லாத வீடுகளின் படங்களையும் முகப் படங்களையும் தலைகீழாகக் காட்டி நினைவில் வைக்கச் சொல்லுங்கள். தடுமாற்றம் முகங்களில்தான் கூடுதலாக இருக்கும்.