கிரீட்டோவை இருவராக வாசியுங்கள்

மேற்கத்தியத் தத்துவம் படிக்க ஆசைப்படும் மண்டபம், கீழக்கரைப் பக்கத்து நண்பர்கள் தடிமனான வரலாற்று நூலில் தொடங்க வேண்டாம். பிளேட்டோவின் 'கிரீட்டோ' போதும். சிறையில் இரு நண்பர்கள் பேசும் சின்ன உரையாடல். டெலோஸ் தீவுக்குப் போன கப்பல் திரும்பியதும் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை. பணம் தருகிறேன், தப்பி வா என்று கெஞ்சுகிறார் கிரீட்டோ. கப்பலை எதிர்பார்க்கும் பதைப்பை நம் கரைக்காரர்களுக்கு விளக்கவா வேண்டும்!

ஆளுக்கொரு பாத்திரமாகச் சத்தம்போட்டு வாசியுங்கள். ஏதென்ஸின் சட்டங்களே எழுந்து பேசத் தொடங்கும் 50ஆம் எண்ணில் நிறுத்துங்கள். அப்புறம் ஒருவர் கிரீட்டோ பக்கமே நின்று வாதாடட்டும்: பிள்ளைகளின் கதி என்ன, நண்பனைக் காப்பாற்றாதவன் என்று ஊர் பேசாதா? நூலில் அவர் சீக்கிரமே அடங்கிப்போகிறார். எனக்கு அது குறைதான்.

மேலே சொன்ன 50 என்ற எண், 1578இல் வெளியான பிளேட்டோ நூல்களின் பதிப்பில் உள்ள பக்க எண். பல மொழிபெயர்ப்புகளில் ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள். இருவரும் வெவ்வேறு புத்தகம் வைத்திருந்தாலும் அதை வைத்து ஒரே இடத்துக்கு வந்துவிடலாம். ஜோவெட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணையதளத்தில் இலவசம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரையில் தாள் நிற்காது, கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள்.