தடிப்பு வந்தால் மருந்து சார்ட்டைப் பின்னோக்கிப் படியுங்கள்

நோயாளியின் முதுகில் சிவப்புத் தடிப்பு தெரிந்ததும், வார்டில் எல்லோரும் கடைசியாகப் போட்ட ஊசியைத்தான் சொல்வார்கள். பல நேரம் காரணம் அதுவாக இருக்காது. நர்ஸ் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, சார்ட்டை இரண்டு வாரமாவது பின்னால் புரட்டுங்கள் என்றுதான்.

ஒரு தாளில் ஒவ்வொரு மருந்தும் தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி இரண்டையும் எழுதுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரை, மூலிகை மருந்து, ஸ்கேனுக்காகப் போட்ட ஊசி எல்லாம் அதில் வரவேண்டும். கேட்டால்தான் சொல்வார்கள், வலி மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அப்புறம் நாளைக் கணக்கிடுங்கள். நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ காணாக்கடி போலத் தடித்து அரித்தால், கடைசி மருந்தைச் சந்தேகிப்பது சரி. வார்டில் அதிகம் வருவது தட்டம்மை போல உடம்பெல்லாம் பரவும் தடிப்பு. அமாக்சிசிலின், சல்ஃபா போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் தொடங்கி 4 முதல் 14 நாளில் இது தோன்றும். அதே மருந்து முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் இன்னும் சீக்கிரம். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமசெபைன், யூரிக் அமிலத்தைக் குறைக்கத் தரும் அலோபியூரினால் தனி ரகம்: 2 முதல் 8 வாரம் கழித்துக்கூடக் காய்ச்சலும் முகவீக்கமுமாக வரலாம், கல்லீரலும் பாதிக்கப்படலாம்.

வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ட்ரிப்பில் வேகமாக ஏறினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். ட்ரிப்பை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். இது பெரும்பாலும் அலர்ஜி இல்லை. அடுத்த முறை மெதுவாக ஏற்றினால் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

உடம்பைப் பார்க்கும்போது புரட்டிப் படுக்கவைத்து முதுகையும் பாருங்கள். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, கையால் தடவினால் மேடு தட்டுப்படும். டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். கண் சிவந்திருக்கிறதா, சிறுநீர் போகும் இடத்தில் எரிகிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அரிப்பைவிட வலி அதிகமா? கொப்புளமா, தோல் உரிகிறதா, வாயில் புண்ணா? இதில் ஒன்று இருந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் டியூட்டி டாக்டரை எழுப்புங்கள், சந்தேகமான மருந்தின் அடுத்த வேளையைக் கொடுப்பதற்கு முன்பே. மூச்சுத்திணறலோ நாக்கு வீக்கமோ இருந்தால் அவசர அழைப்பு. தொடையில் அட்ரினலின் ஊசி தாமதிக்கக் கூடாது.

மருந்தை நிறுத்திய பிறகும் சாதாரணத் தடிப்பு ஓரிரு நாள் பரவலாம், உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் வெறும் ‘அலர்ஜி’ என்று எழுதிவைக்காமல் மருந்தின் பெயர், எத்தனையாவது நாள், எப்படிப்பட்ட தடிப்பு, வாயில் புண் இருந்ததா என்று எழுதச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.