1940 பிரான்ஸ் போர் விளையாட்டு: ஜெர்மனியின் துணிச்சல் தொடக்கத்தை அமைப்பது எப்படி?

அறுகோணக் கட்ட வரைபடம், காய்கள், நகர்வு விதிகள் எல்லாம் கையில் இருக்கட்டும். ஒரு சுற்று இரண்டு நாள். முதல் சுற்று மே 10-இல் தொடங்கும். இந்தக் கணக்கில், ஆர்டென் காட்டை ஒட்டிய பிரெஞ்சு நகரமான செடானில் ஜெர்மானியர் மியூஸ் ஆற்றைக் கடந்த மே 13 இரண்டாம் சுற்றில் வரும். ஆங்கிலக் கால்வாயை எட்டிய மே 20 ஆறாம் சுற்று.

படி 1: நேச நாட்டுக் காய்களை வரலாற்றுப்படி வையுங்கள். ஜிரோவின் 7-வது பிரெஞ்சுப் படை கடலோரம், ஹன்ட்ஸிகரின் 2-வது படை செடானில்.

படி 2: சிக்கலே இங்கேதான். ஆர்டென் காட்டு வழியாக அடி விழும் என்று நேச நாட்டுப் பக்கம் ஆடுபவருக்கு முன்பே தெரியும். சேமப்படையை எல்லாம் செடானுக்குப் பின்னால் குவித்துவிட்டால் கதை முடிந்தது. இரண்டு சுற்று பெல்ஜியத்துக்குள் போயே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம். ஆனால் எதிரில் இருப்பவர் கொட்டாவி விடுவார். நடந்த முடிவைப் பூட்டாதீர்கள், அன்று காலை அவர்களுக்குத் தெரியாததைத் தெரியாமல் வையுங்கள்.

அதற்கு 10 பன்சர் (ஜெர்மன் டாங்கிப் படை) காய், 10 வெற்றுக் காய். எல்லாவற்றையும் கவிழ்த்து, ஆர்டெனுக்கு எதிரே நிற்கும் ரன்ஸ்டெட்டின் 'ஏ' படைக் குழுவுக்கு 10, வடக்கே நிற்கும் போக்கின் 'பி' படைக் குழுவுக்கு 10. உண்மையில் 'ஏ'-வுக்கு 7 பன்சர் டிவிஷன், 'பி'-க்கு 3. உங்கள் ஜெர்மானியர் தலைகீழாகவும் பிரிக்கலாம். 1940 தொடக்கம் வரை திட்டத்தின் முக்கிய அடி பெல்ஜியம் வழியாகத்தான் இருந்தது. பெல்ஜியத்தில் அடியை எதிர்பார்த்த பிரெஞ்சுத் தலைமைத் தளபதி கமெலின் முட்டாள் அல்ல!

எதுவரை முன்னேறுவது என்று நேச நாட்டுக்காரர் ரகசியமாக ஒரு சீட்டு எழுதட்டும்: எஸ்கோ (மேற்கு பெல்ஜிய ஆறு), டைல் (பிரஸ்ஸல்ஸுக்குக் கிழக்கே உள்ள ஆறு) அல்லது டைல்-பிரெடா (டைலோடு டச்சு நகரமான பிரெடா வரை). எஸ்கோ பாதுகாப்பானது, ஆனால் பிரஸ்ஸல்ஸ் பறிபோகும். அதற்கான புள்ளி ஜெர்மனிக்கு. டைல் எடுத்தால் பெல்ஜியப் படை தோள் கொடுக்கும். பிரெடா என்றால் டச்சுக்காரரோடு கைகோத்ததற்குக் கூடுதல் புள்ளி, 7-வது படையோ வெகு தூரம் போய்விடும். கமெலின் எடுத்தது இதைத்தான்.

படி 3: ஆர்டெனில் நெரிசல். 'ஏ' குழுவின் முன்னணியில் போன கிளைஸ்ட் பன்சர் குழுவின் சுமார் 41,000 வண்டிகள் நான்கே பாதைகளில் ஊர்ந்தன. ஒரே கட்டத்தில் மூன்று காய் அடுக்கினால், நேச நாட்டுக்காரர் விமான வேவுக்குப் பகடை உருட்டலாம். 9-க்கு மேல் அல்லது 9 விழுந்தால் அடுக்கைத் திருப்பிக் காட்டவேண்டும். பன்சர் இருந்தால் 7-வது படை அடுத்த சுற்றில் திரும்பலாம்.

படி 4: ஆற்றைக் கடக்க 8 அல்லது அதற்கு மேல், ஜெர்மன் விமானக் காய் பக்கத்தில் இருந்தால் 6 அல்லது அதற்கு மேல் போதும். எப்போதும் இரண்டு பகடைதான். ஒற்றைப் பகடை எனக்குப் பிடிக்காது, ஒரே உருட்டலில் ஆட்டத்தைக் கவிழ்த்துவிடும். இரண்டில் 6 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு சுமார் 72 சதவீதம், 8 அல்லது அதற்கு மேல் விழுவது 42 சதவீதம். கணினியில் பலகை விளையாட்டு ஆட உதவும் வஸ்ஸல் மென்பொருளிலும் ஆடலாம், ஆனால் கவிழ்த்த காய்க்கு மேஜைதான் சரி.

சேர்க்கை: வேவில் வெற்றுக் காய்கள் அகப்பட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவற்றை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 7-வது படை இருந்த இடத்திலேயே இருக்கும்.