பம்பை மாற்றும் முன் வால்வை மூடிப் பாருங்கள்

ஏற்காட்டு வீடுகளிலிருந்து எனக்கு அடிக்கடி வரும் போன் இதுதான்: "அண்ணே, ராத்திரி ஒருத்தரும் குழாயைத் திறக்கலை. ஆனா பிரஷர் பம்ப் தானா ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது. புது பம்ப் எடுத்துட்டு வந்துடறீங்களா?" வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஓடிய பம்ப் அழுத்தத்தை ஏற்றிவிட்டுத் தானாக நிற்கிறது என்றால், அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஏற்றிக் கொடுத்த அழுத்தம் எங்கே போகிறது என்றுதான் தேட வேண்டும். வீட்டுக்குள் எங்கோ கசியலாம், வந்த வழியே சம்புக்கு, அதாவது தரைக்கடித் தொட்டிக்குத் திரும்பலாம், இல்லையென்றால் பிரஷர் டேங்கில், அதாவது காற்றைக் கொண்டு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் டேங்கில், காற்று குறைந்திருக்கலாம். எது என்று நீங்களே கண்டுபிடிக்க முடியும். அரை மணி நேரமும் ஒரு டயர் கேஜும் இருந்தால் போதும்.

முதலில் பம்பில் இருக்கும், அழுத்தம் காட்டும் கேஜை நம்பலாமா என்று பாருங்கள். பம்பை அணைத்து, பக்கத்தில் உள்ள குழாயைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் நின்றதும் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் கேஜுக்கு அடியில் உள்ள ஊசித்துளையில் உப்பு அடைத்திருக்கும். சேலத்துப் போர் தண்ணீருக்கு இது சகஜம். அதே உப்பு, பம்பை ஓட்டி நிறுத்தும் பிரஷர் சுவிட்சின் துளையையும் அடைக்கும். சுவிட்சின் மூடியைக் கழற்றுவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சைக் கட்டாயம் இறக்குங்கள். உள்ளே உள்ள பாயிண்டுகளில் கரண்ட் நேராக வந்து நிற்கும்.

அழுத்தத்தை பிஎஸ்ஐ என்ற அலகில் அளப்போம். பல வீடுகளில் 20 பிஎஸ்ஐக்கு இறங்கினால் பம்ப் ஓடும், 40க்கு ஏறினால் நிற்கும். கணக்குக்கு, 14 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டி தரும் அழுத்தம்.

இனி சோதனை. எல்லாக் குழாய்களையும் மூடி, பம்ப் 40க்கு ஏறி நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு பம்பின் மின்சாரத்தை அணையுங்கள். டேங்கைத் தாண்டி வீட்டுக்குப் போகும் பைப்பில் ஒரு வால்வு இருக்கும், அதை இறுக மூடுங்கள். அரை மணி நேரம் கழித்து முள்ளைப் பாருங்கள். அசையாமல் நின்றால் கசிவு வீட்டுப் பக்கம். இறங்கியிருந்தால் பம்ப் பக்கம். அந்த இடத்தில் வால்வே இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே நான் முதலில் ஒரு பால் வால்வு மாட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுவேன்.

வீட்டுப் பக்கம் என்றால் முதலில் கழிப்பறை ஃபிளஷ் டேங்க். நீலம் கொஞ்சம் கலந்துவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் காத்திருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடி ரப்பர் போயிருக்கிறது. காபித் தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகளில் செடிகளுக்குப் போகும் பைப் மண்ணுக்கு அடியில் நீளமாக ஓடும். முன்பு மூடிய வால்வைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு கிளையாக மூடி, எதை மூடினால் முள் நிற்கிறது என்று பார்ப்பதுதான் வழி.

கீசரைத் தனியாகச் சொல்ல வேண்டும். மார்கழிக் குளிரில் மலை வீடுகளில் அது நாள் முழுக்க ஓடும். 15 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சுமார் 400 மில்லி கூடும். உள்ளே வரும் வழியில் தண்ணீரைத் திரும்பவிடாத வால்வு (என்ஆர்வி) இருப்பதால், கூடிய தண்ணீர் சேஃப்டி வால்வு வழியாகத்தான் சொட்ட வேண்டும். சூடேறும்போது மட்டும் சொட்டினால் கவலையே வேண்டாம். ஆறிய பிறகும் விடாமல் சொட்டினால் வால்வின் இருக்கையில் உப்பு படிந்திருக்கும், அல்லது வீட்டு அழுத்தம் தேவைக்கு மேல் இருக்கும். வால்வை மாற்றுங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள், ஆனால் சொட்டுகிறதே என்று அதன் வாயில் எண்ட் கேப் மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்டிருந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் அந்தக் கீசர் வெடிக்கும். கெஞ்சிக் கேட்கிறேன், இதில் விளையாடாதீர்கள்.

பம்ப் பக்கம் முள் இறங்கினால் பெரும்பாலும் அங்கே உள்ள என்ஆர்விதான். சம்பு மூடியைத் திறந்து காது கொடுங்கள், தண்ணீர் திரும்பும் சத்தம் கேட்கும். நாகலூர் பக்கம் ஒரு வீட்டில் என்ஆர்வியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, ரப்பர் வட்டுக்கும் பித்தளை இருக்கைக்கும் நடுவே அரை அங்குல நீளத்துக்கு டெஃப்லான் டேப் மாட்டியிருந்தது. வட்டு முழுதாக உட்காராமல் ஒரு ஓரம் மட்டும் மயிரிழை தூக்கி நின்றது. விரலால் எடுத்துப் போட்டு, இருக்கையைத் துணியால் துடைத்து மாட்டினேன், முள் நின்றுவிட்டது. மரையில் டேப் சுற்றும்போது முதல் மரையை விட்டுச் சுற்றினால் இந்த வம்பே வராது.

சம்பு பம்புக்குக் கீழே இருந்தால் உறிஞ்சும் பைப்பிலும் கவனம் வேண்டும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால், சேலத்தில் கணக்குப்படி பத்து மீட்டர் வரை உறிஞ்சக்கூடிய தண்ணீர் அங்கே எட்டரை மீட்டருக்கு மேல் வராது. உராய்வெல்லாம் போக நடைமுறையில் இன்னும் குறைவு. கீழே நன்றாக ஓடிய அதே அமைப்பு மலையில் தண்ணீரை இழுக்க முடியாமல் திணறுவது இதனால்தான். பம்பைக் குறை சொல்லாமல் சம்புக்கு அருகே இறக்கி வையுங்கள்.

கடைசியாக டேங்க். குழாயைத் திறந்ததும் முள் சட்டென்று விழுந்து, பம்ப் நொடிக்கு நொடி ஓடி ஓடி நின்றால் உள்ளே காற்று இல்லை. தலையில் இருக்கும் சைக்கிள் வால்வு போன்ற வால்வின் பின்னை அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் ரப்பர் பை கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். காற்று மட்டும் வந்தால் நிரப்பலாம். ஆனால் அதற்கு முன் பம்பை அணைத்து, குழாயைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்து, குழாயைத் திறந்தபடியே விட வேண்டும். தண்ணீரோடு அளந்தால் தண்ணீரின் அழுத்தத்தைத்தான் டயர் கேஜ் காட்டும். பம்ப் ஓடத் தொடங்கும் அளவைவிட 2 பிஎஸ்ஐ குறைவாக, அதாவது 20க்கு ஓடும் பம்ப் என்றால் 18, காற்று இருக்க வேண்டும். சாதாரண சைக்கிள் பம்பே போதும். அழுத்தம் ஏறட்டும் என்று 30, 35 என்று அடித்தால், பம்ப் ஓடுவதற்கு முன்பே டேங்க் காலியாகி, குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும்.

எல்லாம் சரிசெய்த பிறகு, படுக்கும் முன் பம்பையும் கீசரையும் அணைத்துவிட்டு முள்ளின் அளவைக் குறித்து வையுங்கள். விடியற்காலையில் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், குளிரில் டேங்குக்குள் இருக்கும் காற்று சுருங்கியிருக்கிறது. அதற்கு மேல் இறங்கியிருந்தால் வால்வை மூடி மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.